விரிப்பின் மறுமுனை

பகலெல்லாம் வெயிலைச் சுமந்து களைத்த அந்நகரின் கூரைகள், மாலைக் கதிரவன் தன் பொன்னொளியைச் சிறிது சிறிதாகச் சுருட்டிக்கொண்டு மேற்கே இறங்கத் தொடங்கிய வேளையில், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கலங்களைப் போலச் சூடு தணிந்துகொண்டிருந்தன. ஆற்றின் மேல் நீண்டு கிடந்த பாலத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எறும்பின் ஒழுங்கோடு ஊர்ந்தன. பாலத்தின் அக்கரையில் மருத்துவமனையின் வெண்சுவர்களும், இக்கரையில் அம்மருத்துவமனையின் அழுக்குத் துணிகளையெல்லாம் நாள்தோறும் விழுங்கி வெள்ளையாக்கி உமிழும் சலவைச்சாலையின் நெடிய புகைபோக்கியும், பழைய பகை மறந்துபோன இரு முதியவரைப் போல, ஒன்றையொன்று பார்த்தபடி வாய்திறவாமல் நின்றன. புகைபோக்கியினின்று எழுந்த நீராவி, காற்றில் சற்றே தயங்கி, தன் வெண்மையைப் பரப்பிக் காட்டி, பின்பு எவருக்கும் பயனின்றிக் கலைந்தது.

தமிழின் சுவையறிந்த அன்பரே, இறந்தவர் ஒருவரை நினைவுகூரும் கதை என்றதும் கைக்குட்டையைத் தேடுவீராயின் சற்றே பொறுத்திடுக. இதில் கண்ணீர் குறைவு, சினம் மிகுதி. அச்சினம் தங்கை ஒருத்தியினுடையது. அவள் சினந்தது சரியா, மிகையா என்பதை முடிவில் நீரே தீர்த்துக்கொள்ளலாம்.

சலவைச்சாலையை அடுத்த தெருவில், முன்புறம் இரும்புக் கதவும் பின்புறம் துவைகல்லும் கொண்ட பழைய மாடிவீடு ஒன்றின் கூடத்தில், வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் வரிசையாய்ப் போடப்பட்டிருந்தன. அவ்வீட்டின் இரண்டாம் மகன் இறந்து சில கிழமைகள் கழிந்திருந்தன. ஐம்பதைக் கடந்தவர், நெஞ்சடைப்பால் உறக்கத்திலேயே போனவர். பிறந்தபோதே அறிவின் நடை மெல்லியதாய் அமைந்தவர் என்று மருத்துவர் சொன்னார். ஊரார் சொன்னவற்றை இங்கு எழுதுவதற்கில்லை. பேச்சு அவருக்கு நாட்சென்றே வந்தது. வந்த பேச்சும் வாயில் கூழாங்கல்லை வைத்துக்கொண்டு பேசுவதைப் போலத் தடித்திருந்தது. எழுத்து வரவில்லை. எண் வரவில்லை. சினமும் செருக்கும் பிடிவாதமும் காதலும், மற்றெல்லார்க்கும் வருவது போலவே, அவருக்கும் குறைவின்றி வந்தன. இந்தப் பின்பாதியைத்தான் அவ்வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

வெளியூரில் மருந்துக்கடை நடத்தும் தங்கை கையிலிருந்த பையை இறக்குமுன்பே அவள் கண்ணில் பட்டது, கூடத்தின் நடுச்சுவரில் மாலை சூட்டி மாட்டப்பட்டிருந்த நிழற்படம். ஆளுயரத்துக்குப் பெருக்கப்பட்ட அப்படத்தில், மூன்று உருளை மிதிவண்டியின் மேல், பால்பல் தெரியும் வாயோடு சிரித்துக்கொண்டிருந்தான் ஒரு சிறுவன். இறந்தவரேதான், ஆனால் பள்ளிக்குப் போகும் அகவைகூட வராத இறந்தவர். பெருக்கிய பெருக்கத்தில் சிறுவனின் கன்னங்கள் பூசணிப்பிஞ்சு போல் ஊதியிருந்தன.

"என்ன அண்ணி இது? இந்தப் படமா கெடச்சது உங்களுக்கு?"

மூத்தவரின் மனைவி, நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள், முந்தானையால் கண்ணையும் ஒருமுறை துடைத்துக்கொண்டாள். "ஏன், எவ்வளவு அழகா இருக்கான் பாரு நம்ம குட்டி! பெருசானப்புறம் எடுத்த எதுலயும் அவன் நல்லாவே விழல."

"விழலயா, எடுக்கவே இல்லையா?"

அண்ணி அடுத்த நாற்காலியைத் துடைக்கத் திரும்பினாள். வீட்டில் நடந்த திருமணங்களிலும் பெயர்சூட்டுகளிலும், படம் பிடிப்பவன் வந்து நின்றதும், "குட்டி, உள்ள போய் அந்தச் சொம்பு இருக்கான்னு பாரு" என்று எவரேனும் ஒருவர் அவரை அனுப்பிவிடுவது வழக்கம். அவர் போவார், சொம்பு இருப்பதைப் பார்ப்பார், இருக்கிறது என்று சொல்லத் திரும்பி வருவார். அதற்குள் படம் எடுத்து முடிந்திருக்கும். யாரும் தீங்கு நினைத்துச் செய்ததன்று. வாயிலில் கிடக்கும் செருப்பை விருந்தினர் வருமுன் ஓரமாய்த் தள்ளி வைப்பதைப் போல, எண்ணாமலே செய்தது. எண்ணாமல் செய்த தீங்குக்கு மன்னிப்புக் கேட்கும் நேரமும் யாருக்கும் வாய்ப்பதில்லை என்பதுதான் அதன் கொடுமை.

கூடத்தின் வாயிலருகே, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கல்தச்சர் அமர்ந்திருந்தார். நினைவுக்கல்லில் வெட்ட வேண்டிய சொற்களை அன்று மாலைக்குள் உறுதி செய்துவிட்டால், மறுநாள் காலையில் உளியைத் தொடுவதாக அவர் சொல்லியிருந்தார். மூத்தவர் எழுதிக் கொடுத்த சொற்களைத் தங்கை வாங்கிப் பார்த்தாள். மேலே பெயர். அதன் கீழே மூன்றே சொற்கள்: 'என்றும் எங்கள் குழந்தை.'

படத்தைக் கண்டபோது நெஞ்சில் கனன்ற நெருப்பு இப்போது தொண்டைவரை ஏறியது. படத்தை நாளை கழற்றிவிடலாம், மாலையை எறிந்துவிடலாம். கல் அப்படியன்று. இந்த வீட்டில் இருக்கும் எல்லாரும் போனபின்பும், இம்மனிதரைப் பற்றி இவ்வுலகில் எஞ்சப்போகும் ஒரே சொல் அதுவாக இருக்கும். தன் அண்ணனை வாழ்நாளெல்லாம் எதைச் சொல்லிச் சிறுமைப்படுத்தினார்களோ, அதையே கல்லில் வெட்டி அவர் மேல் ஏற்றி வைக்கப்போகிறார்கள். இந்த மாலை முடிவதற்குள் அச்சொல்லை நீக்கியே தீர்வது என்று அவள் உறுதிகொண்டாள்.

"தாத்தா, இத இன்னும் வெட்ட வேண்டாம்," என்றாள்.

"எனக்கென்னம்மா, எழுத்து கொறைஞ்சா கல்லுக்கும் நல்லது, என் முதுகுக்கும் நல்லது," என்றார் கல்தச்சர். "ஆனா சொல்ல வேண்டியவர் உங்க அண்ணன்."

அந்த அண்ணன், ஊரறிந்த வழக்குரைஞர். பெற்றோர் மறைந்தபின் தம்பியைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டவர். தம்பிக்குத் தலைவாரிவிட்டவர், காய்ச்சல் கண்ட நாள்களில் கட்டிலருகே நாற்காலி போட்டு அமர்ந்தவர், சோற்றைப் பிசைந்து ஊட்டியவர். அன்பில்லாதவர் என்று அவரை எவரும் சொல்ல முடியாது. தங்கைக்கே அதுதான் பெருந்தொல்லையாய் இருந்தது. வெறுப்பவரோடு சண்டையிடுவது எளிது. சோறூட்டிய கையை எதிர்த்து எப்படிக் கை ஓங்குவது?

"அண்ணா, கல்லுல குழந்தைன்னு போடாதீங்க," என்றாள் மாடிப்படியில் அவரை மறித்து.

"ஏம்மா? அவன் நமக்குக் குழந்தைதானே?"

"அவருக்கு நரைச்சுப்போச்சு அண்ணா. காதுல முடி மொளச்சுப்போச்சு. மூட்டு வலின்னு தைலம் தடவிக்கிட்டார். எந்தக் குழந்தைக்கு மூட்டு வலி வரும்?"

"ஒனக்கு எப்பவும் வெதண்டாவாதம். வந்தவங்க முன்னாடி ஆரம்பிக்காதே." அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டு அவர் இறங்கிப் போனார். தங்கை தன் தலையைத் தானே துடைத்துக்கொண்டாள்.

இறந்தவர் எத்தகைய மனிதர் என்பதை அவளன்றி யார் சொல்வார்? பருவம் வந்த நாள்முதல் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டையன்றி வேறு அணிய மறுத்தவர். சட்டைப்பையில் சீப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, கடைத்தெருவின் ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் நின்று வகிடெடுத்துப் பார்த்து, தம் அழகில் தாமே நிறைவடைந்து நடந்தவர். சீட்டாட்டத்தில் ஒளிவுமறைவின்றி ஏமாற்றி, பிடிபட்டால் சீட்டுகளை வாரி வீசிவிட்டு எழுந்து போனவர். இளமையில் சலவைச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்குள்ள பெண்கள் வேடிக்கைக்காகக் கற்றுக்கொடுத்த வசைச்சொற்களை அருமையாய்ப் பயின்று, வீட்டுக்கு வந்த நீதிபதி ஒருவர் தம் கன்னத்தைக் கிள்ளியபோது அவற்றுள் மிகத் தேர்ந்த ஒன்றை, உரிய ஏற்ற இறக்கத்தோடு, உரிய இடத்தில் எடுத்து விட்டவர். நீதிபதி அதன்பின் அவ்வீட்டுப் பக்கம் வரவில்லை. வீட்டில் 'குட்டி' என்றழைக்கப்பட்ட அவருக்குச் சலவைச்சாலையில் 'துரை' என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான் என்றாலும், அதைக் கேட்டதும் அவர் இன்னும் சற்று நிமிர்ந்து நடந்தார்.

அச்சலவைச்சாலையின் வேலைமுறையை இங்கே சொல்லியாக வேண்டும். துவைத்துப் பிழிந்து, சூடேறிய உருளைகளுக்கு இடையே செலுத்தித் தேய்த்தெடுத்த மருத்துவமனை விரிப்புகள், மறுபக்கம் வெதுவெதுப்பாய் வந்து விழும். ஒவ்வொன்றையும் மடிக்க இருவர் வேண்டும். இருபுறமும் நின்று நான்கு முனைகளையும் பற்றி, ஒருசேர உதறி, பக்கங்களை ஒன்றுசேர்த்து, ஒருவரை நோக்கி மற்றவர் நடந்து வர வேண்டும். நடந்து வந்து கைகள் தொடுமிடத்தில் ஒருவர் தம் முனைகளை மற்றவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பற்றி எழ வேண்டும். விலகுவதும் நெருங்குவதும், கொடுப்பதும் கொள்வதுமாய்ப் பகல் முழுதும் நடக்கும் அவ்வேலை, பார்ப்பவர்க்குக் கூத்துப் போலவும் செய்பவர்க்கு முதுகுவலியாகவும் இருக்கும். துரை முரட்டுத்தனமாய் இழுத்ததால் அவரோடு மடிக்க ஒருவரும் முன்வரவில்லை. அவரைவிட முரட்டுத்தனமாய் இழுப்பவள் ஒருத்தி இருந்தாள். அவளோடும் ஒருவரும் மடிக்க மாட்டார்கள். ஆகவே மேற்பார்வையாளர் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். அதன்பின் அவர்களை யாரும் மாற்றி நிறுத்தவில்லை.

ஒருநாள் நண்பகலில், புதிதாய்த் தைத்த சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, எதிர்முனை பிடித்த அந்த மடிப்புக்காரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவர் இந்தக் கூடத்துக்கு வந்தார். வழியெல்லாம் சொல்லிப் பழகிய சொற்களைத் தடுமாறாமல் மூத்தவரிடம் சொன்னார்: "நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்."

மூத்தவர் சிரித்தார். கொடுமையாய்ச் சிரிக்கவில்லை, வாஞ்சையோடு, வாய் நிறையச் சிரித்தார். தம்பியின் கன்னத்தைத் தட்டி, "அப்படியா செல்லம்? மொதல்ல போய்க் கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்," என்றார். அண்ணன் சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லாத தம்பி, பின்கட்டுக்குப் போய், தமக்குக் கற்றுக்கொடுத்தபடியே விரலிடுக்கெல்லாம் நுரைபோட்டுக் கழுவினார். ஈரக்கையோடு அவர் திரும்பியபோது கூடத்தில் அவள் இல்லை, இரும்புக் கதவு தாழிட்டிருந்தது. "அவளுக்கு வேலை இருக்காம், போய்ட்டா," என்றார் மூத்தவர். மறுநாள் முதல் தம்பியும் வேலைக்குப் போகவில்லை, அனுப்பப்படவில்லை. வீட்டின் பங்குக்காக வலைவீசும் பெண்ணிடமிருந்து ஒன்றுமறியாக் குழந்தையைக் காத்துவிட்டதாகவே வழக்குரைஞர் நம்பினார். அண்ணியோ அந்நிகழ்ச்சியை வேடிக்கைக் கதைபோல் தொலைபேசியில் சொல்லி, "கல்யாணமாம்டி! கை கழுவப் போய்ட்டான்!" என்று சிரித்தாள். மறுமுனையில் தங்கை கத்திய கத்தலில் அவள் கடையின் கண்ணாடிப் புட்டிகள் அதிர்ந்தன. கத்தி என்ன பயன்? "அவ்வளவு அக்கறைன்னா நீ வந்து பாத்துக்கோ," என்று மனைவியிடமிருந்து வாங்கிச் சொல்லிவிட்டு மூத்தவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கூடத்தில் இப்போது நாற்காலிகள் நிறைந்துவிட்டன. சலவைச்சாலைக்கும் தங்கை சொல்லியனுப்பியிருந்தாள். அங்கிருந்து யார் வருவார் என்பதை அவள் அறியாள். பின்வரிசையில், சுவரோரமாய், வேலைச் சீருடையின் மேல் ஒரு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கூந்தல் பாதி நரைத்த பெண்ணொருத்தி தனியே அமர்ந்திருந்தாள். அவள் முன்கையில், சூடேறிய உருளைகள் பல ஆண்டுகளாய் எழுதி வைத்த தழும்புகள் ஏணிப்படிபோல் ஏறியிருந்தன. அவளை முன்பின் பார்த்திராத தங்கை, அத்தழும்புகளைக் கண்ட நொடியே இன்னாரென்று தெரிந்துகொண்டாள்.

நினைவுரைகள் தொடங்கின. மூத்தவரின் நண்பர் ஒருவர், கள்ளங்கபடம் அறியாத உள்ளம் என்றார். சீட்டாட்டத்தில் அவ்வுள்ளத்திடம் தோற்றதை மறந்தார் போலும். உறவினர் ஒருவர், கடவுள் நமக்குப் பொறுமையைக் கற்றுத்தர அனுப்பிய தூதர் என்றார். இவருக்குப் பொறுமை கற்றுத்தருவதற்காகவா ஒரு மனிதர் ஐம்பதாண்டு சொம்பு தேடினார் என்று தங்கை பல்லைக் கடித்தாள். பக்கத்து வீட்டு அம்மையார் எழுந்து, ஆசையே இல்லாத பிறவி, இப்படியொரு தூய்மையை நான் கண்டதில்லை என்று விம்மினார். அவ்வம்மையார் வீட்டு வாயிலில் அவர் நின்றால், தம் பெண்மக்களை உள்ளே அழைத்துக் கதவடைப்பவரும் அதே அம்மையார்தான். வாழ்ந்தபோது அஞ்சி ஒதுங்கியவரெல்லாம், இறந்தபின் தொழுது ஒதுங்கினர். இரண்டிலும் அவர் பக்கத்தில் வந்து நின்றவர் ஒருவருமில்லை.

பின்பு மூத்தவரின் மகன் எழுந்தான். நல்லவன், சிரித்த முகத்தவன். தன் சிற்றப்பனை மழலைப் பருவம் முதலே 'வாடா குட்டி' என்றழைத்துப் பழகியவன். துயரத்தைச் சற்றே இறக்கி வைக்கலாம் என்று எண்ணி, வீட்டில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதையை எடுத்தான்.

"குட்டி பண்ற கூத்து ஒண்ணு உங்களுக்குத் தெரியாது. மத்தியானம் ஆனா, கட்டில்ல இருக்குற விரிப்ப உருவிக்கிட்டுப் பின்பக்கம் போய்டுவான். ஒரு பக்கத்து ரெண்டு முனையையும் சன்னல் கம்பில கட்டுவான். இந்தப் பக்கம் அவன் பிடிச்சுக்குவான். அப்புறம் உதறுவான், மடிப்பான், சன்னலப் பார்த்து நடந்து போவான். சன்னல் கம்பிகிட்ட முனையக் கொடுப்பான்! அது வாங்கிக்குமா? கீழ விழும். 'இழு, இழு'ன்னு சன்னலத் திட்டுவான் பாருங்க, நாங்கல்லாம் மாடில நின்னு வயிறு வலிக்கச் சிரிப்போம்!"

கூடம் சிரித்தது. நினைவுக் கூட்டங்களில் கண்ணீருக்கு நடுவே வரும் சிரிப்புக்கு எப்போதும் உரிமை அதிகம். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மூத்தவரும் புன்னகைத்தார். தங்கை மட்டும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

மடிப்புக்காரி எழுந்து நின்றிருந்தாள். அவள் முகம் தேய்ப்பு உருளையினின்று வெளிவந்த துணியைப் போல ஒரு சுருக்கமுமின்றி வெளுத்திருந்தது.

"தம்பி, எத்தன நாள் அப்படி மடிச்சார்?"

சிரிப்பு மாறாத முகத்தோடு இளைஞன் அவளைப் பார்த்தான். "எத்தன நாளா? கடைசி வரைக்கும்தாங்க. போன மாசங்கூட..."

அவன் சொல்லை முடிக்கவில்லை. கூடத்தின் சிரிப்பும், ஒவ்வொரு வரிசையாய், முன்னிருந்து பின்னாக அணைந்தது.

"நான் இந்த வீட்டு வாசலுக்கு வந்தேன்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஒரு தடவ இல்ல, பல தடவ. அந்த அம்மா கதவுகிட்ட வந்து சொன்னாங்க. 'அவன் ஒன்ன மறந்தே போய்ட்டான்மா. குழந்தைங்க சீக்கிரம் மறந்துடும். நீ வந்து கெளறாதே'ன்னாங்க. நான் நம்பிட்டேன். நம்பித்தான் வராம நின்னேன்." அவள் பார்வை அண்ணியின் மேல் சென்று நின்றது. "அது வெளையாட்டு இல்லம்மா. அது ரெண்டு பேர் வேல. ஒரு ஆள் வரலைன்னா அப்படித்தான் கட்டிவச்சு மடிப்பாங்க."

அண்ணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மையார், கற்ற பண்பு காரணமாக, "இவ அவங்கிட்ட என்னத்தக் கண்டாளோ," என்று பக்கத்திலிருப்பவர்க்கு மட்டும் கேட்கும் குரலில் எல்லார்க்கும் கேட்கச் சொன்னார்.

"என்னத்தக் கண்டேனா?" என்று மடிப்புக்காரி திரும்பினாள். "அவருக்குக் கோவம் வந்தா அடுத்த விரிப்பு மடிக்கிறதுக்குள்ள தீந்துடும். உங்க வீட்டு ஆம்பளைக்கு எப்பத் தீரும்?" அம்மையார் தம் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

தங்கை எழுந்து முன்னால் நடந்தாள். நடுச்சுவரின் படத்தைக் கழற்றி, மாலையோடு, முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தாள். பல்லாண்டு நெஞ்சில் மூடிவைத்த கொதிகலத்தின் மூடி அப்போது பறந்தது.

"இப்பச் சொல்லுங்க அண்ணா. மறக்காம இத்தன வருஷம் சன்னல்ல கட்டி மடிச்சது குழந்தையா? நீங்க அவர அன்னிக்குத் திட்டியிருக்கலாம். அடிச்சிருக்கலாம். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். சொன்னா அவரும் ஒரு ஆளா நின்னு உங்களோட சண்ட போட்டிருப்பார். நீங்க சிரிச்சீங்க. கை கழுவிட்டு வான்னீங்க!"

"நான் அவனுக்கு ஒரு கொறையும் வைக்கல," என்றார் மூத்தவர். நீதிமன்றங்களை அதிர வைத்த அக்குரல் உடைந்திருந்தது. "என் கையால ஊட்டினேன்."

"அவருக்குக் கை இருந்துச்சே அண்ணா."

வழக்குரைஞர் எழுந்தார். தம் தொழிலில் எத்தனையோ பேரை விடுவித்தவர், இப்போது தம்மை விடுவிக்கும் ஒரே ஒரு சான்று கையைவிட்டு நழுவுவதைக் கண்டவர் போலத் தங்கையைப் பார்த்தார். பிறர் கேட்பதையும் மறந்து, மிக மெல்லக் கேட்டார்: "அவன் குழந்தை இல்லேன்னா... நான் அவனுக்குச் செஞ்சதுக்கெல்லாம் என்னம்மா பேரு?"

அக்கேள்வியைக் கேட்ட எவர்க்கும் இரக்கம் பிறந்திருக்கும். தங்கைக்கும் பிறந்தது. ஆயினும் அவ்வீட்டில் இரக்கம் செய்த வேலையை எண்ணிப் பார்த்து, பிறந்த இரக்கத்தை அவள் அப்படியே விழுங்கினாள்.

"சட்டம் படிச்சவர் நீங்க. பேரு உங்களுக்கே தெரியும்."

மூத்தவர் உள்ளறைக்குள் போனார். உள்ளே கட்டில் கிறீச்சிடும் ஒலி கேட்டது. நாற்காலிகள் ஒவ்வொன்றாய் வெறுமையாயின. வந்தவர்கள் விடைபெறும் சொல்லைத் தேடி, கிடைக்காமல், செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போயினர். இளைஞன் மட்டும், தன் வாயிலிருந்து வந்த கதை என்ன கதையென்று இன்னமும் முழுதாய் விளங்காதவனாய், "அத்தை, சித்தப்பாவ நான்..." என்று தொடங்கினான். அவன் வாயில் 'சித்தப்பா' என்ற சொல்லை அவள் கேட்டது அதுவே முதன்முறை. கேட்கவேண்டியவர் கேட்கவில்லை.

கல்தச்சர் மெல்லச் செருமினார். "அம்மா, நான் என்ன வெட்ட?"

"பேரு முழுசா வெட்டுங்க. பொறந்த வருஷம், போன வருஷம். கீழ, சலவைச்சாலைத் தொழிலாளி. அவ்வளவுதான்." பின்பு மடிப்புக்காரியின் பக்கம் திரும்பி, "உங்க பேரையும் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

மடிப்புக்காரி தலையசைத்து மறுத்தாள். "கல்லுல எடம் கேட்டு நான் வரலம்மா. எனக்கு வேற எடம் இருந்துச்சு, அவர் விரிப்போட மறுமுனையில." துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாயில்வரை சென்றவள் அங்கே நின்றாள். "நீங்க சொல்லியனுப்பினது பெரிய மனசு. ஆனா அவர் இருந்தப்பவே யாராவது ஒருத்தர் சொல்லியனுப்பியிருக்கலாம். பாலத்துக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன்." அவ்வளவே. அவள் அழவில்லை. தங்கையின் கையைப் பற்றவும் இல்லை. சலவைச்சாலையில் மாலை முறை வேலைக்கு மணி ஒலிக்கும் நேரமாகிவிட்டதால், இரும்புக் கதவைத் தானே திறந்துகொண்டு தெருவில் விரைந்து நடந்தாள்.

அன்பரே, கல் இன்று நிற்கிறது. வெட்டியவர் கைத்திறத்தால் எழுத்துகள் நேராகவும் ஆழமாகவும் இருக்கின்றன. அவற்றுள் பொய் ஒன்றும் இல்லை. தங்கை வென்றாள் என்று நீர் மகிழ வேண்டாம். அக்கல்லைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவளுக்குச் சினம் மீண்டும் முளைக்கிறது, அவளும் அதைப் பிடுங்கிப் போடுவதில்லை. வன்சொல்லால் ஒருவன் வாழ்வைப் பறிப்பவனை உலகம் தண்டிக்கிறது. இன்சொல்லால், குழந்தை என்று கொஞ்சி, கன்னத்தைத் தட்டி, வாழ்வை மெல்லக் கையிலிருந்து வாங்கி உயரத்தில் வைத்துவிடுபவனை உலகம் நல்லவன் என்று பாராட்டுகிறது. அப்படி வாங்கி வைத்ததை என்றேனும் திருப்பிக் கொடுக்க நேரும்போது, அதைப் பெற்றுக்கொள்ளும் கை இருப்பதில்லை.